வேர்ட்பிரஸை விட்டு கிட்டுக்கு வந்தவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். கிட் என்பது கோப்புகளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள். எங்கள் காலாண்டிதழின் தளம் நீண்ட காலம் வேர்ட்பிரஸில் இருந்தது. இப்போது ஹியூகோ (கோப்புகளிலிருந்து தளத்தைக் கட்டித் தரும் மென்பொருள்), கூடவே டெக்காப் சிஎம்எஸ் (உலாவியில் எழுதித் திருத்த உதவுவது; முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ், 2023இல் பெயர் மாறியது). தரவுத்தளம் கிடையாது. ஒவ்வொரு கட்டுரையும் கிட்ஹப் (கிட் கோப்புகளை வைக்கும் இணையத்தளம்) களஞ்சியத்தில் ஒரு மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகளுடன் எழுதிய உரைக்கோப்பு. ஆசிரியர் குழுவினர் உலாவியில் படிவத்தை நிரப்பிச் சேமித்தால், அது கமிட்டாக, அதாவது ஒரு மாற்றக் குறிப்பாக, பதிவாகிவிடும்.

தளம் வேகமாகத் திறக்கிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: யார், எப்போது, எந்த வரியைத் திருத்தினார் என்பது அப்படியே நிற்கிறது. "நான் போட்ட ஒற்றெழுத்தை எடுத்தது யார்?" என்று கவிஞர்கள் சண்டைக்கு வரும் இதழில் இது சாதாரண விஷயம் அல்ல. டெக்காப்பின் எடிட்டோரியல் வொர்க்ஃப்ளோவை (வெளியிடும் முன் பார்வையிடும் முறை) இயக்கிவிட்டால் ஒவ்வொரு வரைவும் தனிக் கிளையில் (தனிப் பிரதியில்) புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது சேர்க்கச் சொல்லும் கோரிக்கையாக, காத்திருக்கும். திரையில் தெரிவதோ வரைவு, பரிசீலனை, தயார் என்ற மூன்று கட்டங்கள் மட்டுமே. மெய்ப்புப் பார்க்கும் ஐயாவுக்கு கிட் என்றால் என்னவென்றே தெரியாது. அட்டையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறார், வேலை நடக்கிறது.

பாடாய்ப் படுத்தியது கோப்புப் பெயர்தான். தலைப்பிலிருந்தே பெயரை உருவாக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கொ' என்றால் (க, ொ என இரண்டு குறியீடுகள்) ஆறு. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. நம் கட்டுரையாளர்கள் வைக்கும் தலைப்புகளின் நீளம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் உள்ள சுட்டியை வாட்ஸப்பில் அனுப்பினால் திரை முழுக்க சதவீதக் குறிகள். முனையத்தில் (கட்டளை எழுதும் திரையில்) பார்த்தால் கிட் அதே பெயரை \340\256\225 என்று காட்டும். 'core.quotePath' அமைப்பை அணைத்தால்தான் தமிழ் தெரியும். கடைசியில் படிவத்தில் 'சுருக்கப் பெயர்' என்று தனிப் புலம் வைத்து, ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் எழுதச் சொல்லிவிட்டோம்.

மறுமொழி:

படங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே, தோழர். எங்கள் நாட்டார் கலை ஆவணத் தளத்தில் அதுதான் பெரிய சுமை. கிட் எதையும் மறப்பதில்லை. கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றிய படத்தை மறுநாள் நீக்கினாலும் வரலாற்றில் அது கிடக்கும், களஞ்சியத்தின் எடை குறையாது. 100 எம்பியைத் தாண்டும் கோப்பை கிட்ஹப் ஏற்காது என்பதால் கூத்துக் காணொளிகளை முதலிலேயே வெளியே வைத்தோம். இப்போது படங்களுக்கும் தனிச் சேமிப்பிடம். மார்க்டவுனில் முகவரி மட்டும்.

இன்னொன்று. கிட்ஹப் வழியாக நுழைவதென்றால் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அங்கே கணக்கு வேண்டும், களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் வேண்டும். எழுபது வயது கலைஞரிடம் இரட்டைச் சரிபார்ப்பை விளக்கிப் பாருங்கள்! அவர்கள் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள், நான் ஏற்றுகிறேன்.

மறுமொழி:

ஹியூகோவில் காலை ஆறு மணிக்கு வெளியிட்ட பதிவு தளத்தில் காணவில்லை என்றால் பதற வேண்டாம். நேர மண்டலம் குறிப்பிடாத தேதியை அது உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது பகல் 11.30. எதிர்காலத் தேதியிட்ட பக்கத்தை ஹியூகோ உருவாக்காது; 11.30க்குப் பிறகும் யாராவது தளத்தை மறுபடி கட்டினால்தான் தெரியும். அமைப்புக் கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்.