கடற்காற்றும் அலுமினிய இறக்கையும்

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
வணக்கம். நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் இறக்கை அடிப்புறத்தில், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்பளித்து வெண்தூள் படிந்திருக்கிறது. தேய்த்துவிட்டு மீண்டும் பூசினால் போதுமா?

மறுமொழி:
போதாது, ஐயா. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியமே அரிக்கப்படும். திருகுகளைக் கழற்றி, நைலான் தூரிகையால் துப்புரவாக்கி, எஞ்சிய தகட்டின் தடிமனை அளந்து, விமானத்தின் கட்டுமான வரைபடத்திலுள்ள அளவோடு ஒப்பிட்ட பின்னரே, அரிப்பைத் தடுக்கும் துத்தநாக குரோமேட் முதற்பூச்சைப் பூசுங்கள். எஃகுக் கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் தகட்டில் புதைந்து மறுபடியும் அரிப்பைத் தொடங்கிவிடும். குரோமேட் தூசி நஞ்சு என்பதால் முகமூடி கட்டாயம்.

மறுமொழி (கடலூர் முதுநகர்):
உங்கள் விமானத்தில் இருப்பது சிறு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் என்றால் ரப்பர் குழாய்களையும் பாருங்கள். விமானம் பறக்காமல் நின்றிருந்தாலும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்ற வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு திருகின் அடியில் தகடு குழிந்திருப்பதைக் கண்டேன். அதை மாற்றும் வரை பறக்க மாட்டேன்.