சைக்கிளை விமானத்தில் ஏற்றிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

2023 ஆகஸ்டில் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குச் சென்னையிலிருந்து போனேன். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரக் கெடு, தூக்கம், கால்வலி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சைக்கிளைக் கட்டிக் கொண்டுபோன அட்டைப்பெட்டியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார்கள் என்றுதான் எல்லோருக்கும் பயம். நான் ஜன்னலோர சீட்டிலிருந்து பார்த்தது வேறு. அம்புக்குறி போட்டு நிமிர்த்தி அனுப்பிய பெட்டியை அலுங்காமல் படுக்க வைத்தார்கள். அப்புறம் அதன் மேல் வரிசையாக சூட்கேஸ்கள்! ஆக, அழுத்தம் வருவது பக்கவாட்டில். கட்டும்போதே, இதன் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எது வளையும் என்று யோசியுங்கள்.

முதலில் வளைவது பின்பக்க டிரெய்லியரை (கியர் மாற்றும் பாகம்) ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர்தான். ஃப்ரேமைக் காப்பாற்ற அது முதலில் வளையட்டும் என்றே மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். 5 மி.மீ. ஆலன் கீ போட்டு டிரெய்லியரைக் கழற்றி, கேபிளோடு அப்படியே பழைய துணியில் சுற்றி, ஃப்ரேமுக்கு உள்பக்கமாக ஜிப் டை போட்டுக் கட்டினேன். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், போன ஊரில் கிடைக்காது. ஒன்று உபரியாக வைத்திருங்கள்.

அடுத்தது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க். சக்கரம் இல்லாத ஃபோர்க்கின் இரண்டு காலும் அமுங்கினால் போச்சு. புது சைக்கிளோடு அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை மாட்டி வரும். கடையில் அதைக் குப்பையில்தான் போடுவார்கள், பெட்டி வாங்கும்போது அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை கட்டாயம். லீவர் எங்கேயாவது அமுங்கினால் பிஸ்டன் நெருங்கிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. ஃப்ரேம் குழாய்களுக்கு ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை போதும், மலிவு.

பெடல் கழற்றுவதில் பலர் திணறுவார்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரப் பக்கம் இழுத்தால் இரண்டுமே கழலும்.

டயரில் காற்றை இறக்கச் சொன்னார்கள். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு, மேலே போனால் வித்தியாசம் நான்கு பி.எஸ்.ஐ. அளவுதான், அதற்கெல்லாம் டயர் வெடிக்காது. ஆனால் கவுண்டரில் இயற்பியல் வகுப்பு எடுக்க முடியுமா? இறக்கிவிட்டேன், ரிம் அடிபடாமல் இருக்கக் கொஞ்சம் மட்டும் விட்டு வைத்தேன்.

*

அண்ணா, ஸ்கேனிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கோவையிலிருந்து டெல்லி வழியாக லே போனோம். கூட வந்த தம்பியின் டூல் பையில் டயருக்குக் காற்றடிக்கிற சி.ஓ.டூ. (கரியமில வாயு) குப்பி இருந்தது. கூப்பிட்டுப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். பிரித்த பெட்டியை ஒட்ட அங்கே டேப் ஏது? என் கைப்பையில் ஒரு ரோல் இருந்ததால் தப்பித்தான். பவர் பேங்கும் பெட்டிக்குள் கூடாது, கையோடுதான்.

இன்னொன்று, கார்கோவில் தனியாக அனுப்பலாமா என்றும் விசாரித்தேன். அங்கே எடையைப் பெட்டியின் அளவை வைத்துப் போடுகிறார்கள். 140×80×22 செ.மீ. பெட்டியைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 41 கிலோ! சைக்கிளின் நிஜ எடை அதில் பாதிகூட இல்லை. பேசாமல் கூடவே கொண்டுபோவதுதான் லாபம். விளையாட்டுச் சாமானாக ஏற்றுக்கொள்கிறோம் என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே மெயில் வாங்கி, பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவருக்கு விதி தெரியவில்லை, காகிதத்தைப் பார்த்ததும் வழிவிட்டார்.

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். போய் இறங்கியதும் அங்கேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். எனக்குப் பெட்டியின் ஒரு மூலை கிழிந்து, செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) வளைந்து வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஊழியர் "வீட்டுக்குப் போய் எழுதிப் போடுங்கள்" என்றார். நகராமல் நின்று, அங்கேயே சேதப் புகார் பதிந்து எண் வாங்கினேன். சர்வதேசப் பயணத்தில் சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். செயின்ரிங் காசு வந்தது, பெட்டிக்கு வரவில்லை.

அண்ணா, ஓட்டி முடிக்கும்வரை பாரிஸில் அட்டைப்பெட்டியை எங்கே வைத்தீர்கள்?

*

தங்கிய விடுதியில்தான். புக் செய்யும்போதே கேட்டு வைத்தேன், மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அடிப்பக்கம் நைந்திருந்தது, இன்னொரு அட்டை வைத்து ஒட்டினேன்.