குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வணக்கம். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் தன்னார்வலராக இருக்கிறேன். கதை சொல்வது, படம் வரைய வைப்பது, அவ்வளவுதான் என் வேலை.

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளரின் ஆய்வைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ரத்தப் புற்றுநோய் வந்த 3 முதல் 9 வயதுக் குழந்தைகளோடு மருத்துவமனையில் பழகி, 1978இல் அதை நூலாக்கினார். தாங்கள் பிழைக்க மாட்டோம் என்பது யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருந்துகளின் பெயர், பக்கவிளைவு, நோய் திரும்புவது, கூட இருந்த பிள்ளையின் சாவு என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் புரிந்துகொண்டார்கள். அப்புறம் தெரியாததுபோல நடித்தார்கள். பெரியவர்களும்தான்.

இன்று அந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள், சரி. ஆனால் நடிப்பு மாறவில்லை. போன வாரம் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, வண்ணம் தீட்டிக்கொண்டே, “பக்கத்துக் கட்டில் அண்ணன் எங்கே?” என்றாள். “வீட்டுக்குப் போயிட்டான்” என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கேட்கவே இல்லை.

செவிலியர்கள், மனநல ஆலோசகர்கள், இதைக் கடந்துவந்த பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? பெற்றோரின் விருப்பத்தை மீறாமல், பொய்யும் சொல்லாமல், என்ன பதில் சொல்வீர்கள்? நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினால் நல்லது. நாளை மறுநாள் அவளைப் பார்க்கப் போகிறேன்.