பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் ஃபிளாட்டில் எதையெல்லாம் சோதிக்கணும்?

மடிப்பாக்கம்_2பிஎச்கே:
மடிப்பாக்கத்தில் 12 வருஷப் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி, ரீசேல். வக்கீல் ஒப்பீனியன், வில்லங்கம் எல்லாம் பார்த்தாச்சு. வரும் வியாழன் பத்திரப் பதிவு. ஓனர் செவ்வாய் மதியம் காலி செய்கிறார், உள்ளே புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார். புதன்கிழமை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். எதை எப்படிச் சோதிப்பது? குறை தெரிந்தால் அந்தக் கட்டத்தில் என்ன செய்ய முடியும்?

சைட்_எஞ்சினியர்:
செவ்வாய் மாலையே சாவி கேளுங்கள். காரணம் பாத்ரூம். தரை நீர்க்கசிவு அரை மணி நேரத்தில் தெரியாது. 24 மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். ஈரத்துணியைப் பாலிதீன் கவரில் சுருட்டி நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை) அடையுங்கள். வாசற்படிக்குக் கீழேயே நிற்கும்படி ஒரு அங்குலம் தண்ணீர் விட்டு, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். மறுநாள் மாலை மட்டத்தையும் பாருங்கள், முதல் மாடிக்காரரிடம் கேட்டு அவர் பாத்ரூம் சீலிங்கையும் பாருங்கள். அங்கே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இன்று ஈரம் இல்லாவிட்டாலும் பழைய கசிவு உண்டு. இந்த ஒரு குறைக்காகவே பதிவைத் தள்ளிப்போடலாம். சரிசெய்ய டைல்ஸை உடைத்து வாட்டர் ப்ரூஃபிங் புதிதாகப் போட வேண்டும். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதும் உங்களிடம்தான்.

புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஓதம் தெரியாது. பெயின்டர் கை வைக்காத இடங்களைப் பாருங்கள்: லாஃப்ட்டின் பின்சுவர், சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரி, பாத்ரூமை ஒட்டிய வார்ட்ரோபின் உட்புறம். காரை உதிர்ந்திருந்தாலோ பலகை ஊதியிருந்தாலோ அந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறது.

பால்கனி, சன்ஷேடு அடிப்பக்கத்தைக் கம்பால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற பொள்ளல் சத்தமோ, கம்பி போகிற வரிசையில் நேர்க்கோடாக விரிசலோ இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. மேலே பூசி மறைத்தால் மறுபடி பெயரும்.

ஒயர்மேன்:
லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூட்டிப் போங்கள். ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டிரிப் ஆக வேண்டும். ஆனால் பட்டன் வேலை செய்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கீசர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பாயின்ட் ஒவ்வொன்றிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அவர் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கட்டும். ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். அது இல்லாத வீடாக இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கினாலோ எரியாவிட்டாலோ எர்த் சரியில்லை, அந்தக் கீசரில் கை வைக்கக் கூடாது.

ஏசி பாயின்ட்டில் ஒயர் 2.5 ஸ்கொயராக (சதுர மில்லிமீட்டர் தடிமன்) இருந்து எம்சிபி (லோடு அதிகமானால் விழும் சுவிட்ச்) 32 ஆம்பியர் போட்டிருந்தால் ஆபத்து. அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்சிபியாக மாற்றியிருப்பார்கள். ஒயர் சூடாகி உருகினாலும் அது விழாது.

தண்ணீருக்கும் ஒரு வார்த்தை: போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் வண்டல் தங்கினால் இரும்பு அதிகம்.

மடிப்பாக்கம்_2பிஎச்கே:
நன்றி சார். எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டேன். ஏசி, சிம்னி, இன்வெர்ட்டர் எல்லாம் விட்டுப்போவதாக வாயால்தான் சொன்னார், அக்ரிமென்ட்டில் இல்லை. குறை இருந்தால் கொஞ்சம் பணம் பிடித்துவைக்கலாமா?

பத்திர_ஆலோசகர்:
விட்டுப்போகும் சாமான்களை இன்றே வாட்ஸ்அப்பில் பட்டியலிட்டு அவரிடம் 'சரி' வாங்குங்கள், ஃபோட்டோவோடு. பிறகு அதையே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பணப் பிடித்தம் பற்றி: கிரயப் பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகவும், சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்ததாகவும் எழுதுவார்கள். அப்படி எழுதிக் கையெழுத்தான பின் 'பாக்கி வைத்திருக்கிறேன்' என்றால் உங்கள் பேச்சு எடுபடாது. பிடித்தம் வேண்டுமென்றால் என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று பதிவுக்கு முன்பே தனிக் கடிதம் போடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டு. விலையையே குறைப்பதானால், வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கு முதலில் சொல்லுங்கள். பழைய தொகைக்கு டிடி எடுத்திருந்தால் மாற்ற வேண்டிவரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் வருமான வரி) நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

பெரிய குறை என்றால் பதிவு அலுவலக டோக்கனை வேறு நாளுக்கு மாற்றுவதே நல்லது. டிடி கைமாறும்வரைதான் ஓனர் இறங்கி வருவார்.

புதன்கிழமையே ஈபி மீட்டரில் நம்பரும் ரீடிங்கும் தெரியும்படி ஃபோட்டோ எடுங்கள். ஈபி, சொத்து வரி, மெட்ரோ வாட்டர் மூன்றுக்கும் கடைசி ரசீதும், அசோசியேஷனிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள். கார் பார்க்கிங்கை மட்டும் ராத்திரி போய்ப் பாருங்கள். பக்கத்து வண்டிகள் எல்லாம் நிற்கும்போது உங்கள் கார் உள்ளே போகிறதா, தூணில் இடிக்காமல் கதவு திறக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.