அப்பாவின் சாக்ஸ் குதிகாலில் சிக்குகிறது, உதவுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு, டிசம்பர் பனிக்கு முன் கம்பளி சாக்ஸ் பின்னிக்கொடுக்க ஆசை. இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பின்னி முடித்த சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ஏறவே மாட்டேன் என்கிறது.

நூல் 4 பிளை, 75% கம்பளி, 25% நைலான். 2.5 மி.மீ. ஊசி, 64 கண்ணி, அங்குலத்துக்கு 8 கண்ணி. மேலிருந்து கீழாகப் பின்னுகிறேன். ஹீல் ஃப்ளாப் (குதிகாலின் பின்பக்கத்தை மூடும் பட்டை) 32 வரிசை. அப்பாவுக்கு மேல்பாதம் நல்ல உயரம்: பாதச் சுற்றளவு 25 செ.மீ., குதிகாலோடு சேர்த்துச் சாய்வாக அளந்தால் 36.

முதலில் விளிம்புதான் இறுக்கம் என்று நினைத்து 3.5 மி.மீ. ஊசியில் கண்ணி போட்டேன். விளிம்பு ஏறிவிட்டது, ஆனால் மேல்பாதத்தில் சிக்கியது. அப்புறம் மொத்தத்தையும் பிரித்து 72 கண்ணியில் பின்னினேன். சுலபமாக ஏறியது, கணுக்காலில் நிற்காமல் வழிந்தது. ஈரத்தில் இழுத்துக் காயவைத்தும் பார்த்தாயிற்று, காய்ந்ததும் பழைய அளவுக்கே வந்துவிட்டது.

64 கண்ணியையே வைத்துக்கொண்டு ஹீல் ஃப்ளாப்பை மட்டும் நீட்டுவதென்றால், இந்த அளவுக் காலுக்கு எத்தனை வரிசை பின்ன வேண்டும்?