கிக் டிரம்முக்குக் கம்மி விலையில் மைக்: உங்கள் அனுபவம்?

#1 | பாளையங்கோட்டை

சர்ச்சில் எட்டு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். கிறிஸ்மஸுக்குள் எங்கள் பாட்டுகள் ஆறையும் நாங்களே ரெக்கார்டு செய்துவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தோம். மற்றதெல்லாம் ஒருவழியாக வந்துவிட்டது, காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், அந்தக் கிக் மட்டும் வரவில்லை. 22 அங்குல கிக், முன்தோலில் ஓட்டை கிடையாது. பாடுகிற மைக்கையே முன்னால் தரையோடு சாய்த்து வைத்துப் பிடித்தோம். நேரில் நெஞ்சில் இடிக்கிற சத்தம், திரும்பப் போட்டுக் கேட்டால் காலி அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. கீபோர்டு அண்ணன் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்ல யாரும் மாவு இடிக்கிறாங்களாடா?" என்றார்.

கையில் ஏழாயிரம் ரூபாய் இருக்கிறது. மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கிற இன்டர்ஃபேஸில் இரண்டே சானல், ஒரு நேரத்தில் இரண்டு மைக்தான். கிக்குக்கென்றே விற்கிற மைக்கை வாங்கலாமா, ஷூர் கம்பெனியின் எஸ்எம்57 மாதிரி எல்லாவற்றுக்கும் ஆகிற ஒன்றை வாங்கலாமா? கடையில் கேட்டால் விலை கூடியதைத்தான் காட்டுகிறார்கள். வாங்கிப் பட்டவர்கள் சொன்னால் நல்லது.

#2 | வளசரவாக்கம்

தம்பி, முதலில் என் கதையைக் கேளுங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.

மொட்டைமாடி அறையில் ஸ்டூடியோ என்று ஒன்றை ஆரம்பித்தபோது, ஏழு மைக் அடங்கிய மலிவான டிரம்ஸ் செட் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினேன். அதிலிருந்த கிக் மைக் எனக்குப் பிடிக்கவே இல்லை. அடிநாதம் இல்லை, வெறும் 'டப் டப்'. பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டாம் கையாக ஏகேஜி டி112 வாங்கினேன். முட்டை வடிவில் இருக்குமே, அது. உலகமே புகழ்கிற மைக். மாட்டினேன், அதே 'டப் டப்'. இதையும் விற்கலாம் என்று இருந்தபோது நண்பர் ஒருவர் நல்ல ஹெட்ஃபோனோடு வந்தார். முன்பு பதிந்த டேக்குகளை அதில் கேட்டோம். அடி இருந்தது! முதல் மைக்கில் பிடித்ததிலும் இருந்தது. கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் கிடக்கிறது. என் மேஜையில் இருந்த நாலங்குல ஸ்பீக்கர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கேட்க முடியாத சத்தத்துக்காக மைக்கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் ரெக்கார்டிங்கை எதில் போட்டுக் கேட்டீர்கள்? லேப்டாப், போன் என்றால் அந்தத் தீர்ப்பு செல்லாது.

இரண்டாவது, ஓட்டை. முன்தோல் மூடியிருந்தால் வெளியே வைக்கிற மைக்குக்கு, பெடலில் உள்ள சுத்தி (பீட்டர்) அடிக்கிற 'டிக்' சரியாகப் போய்ச் சேராது. தோலில் ஐந்து அங்குல ஓட்டை போடுங்கள். நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக, விளிம்பை ஒட்டினாற்போல. கத்தியால் வெட்டினால் பிசிறடித்துக் கிழியும். நான் பால்பவுடர் டின்னின் விளிம்பை காஸ் அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, துணியால் பிடித்துத் தோலில் ஒரே அழுத்தாக அழுத்தினேன். பிளாஸ்டிக் தோல்தானே, வட்டமாக உருகிக் கழன்று வந்துவிட்டது, விளிம்பும் தடித்து நின்றது. சமையலறை இரண்டு நாள் நாறியது, அது தனி.

மூன்றாவது இடம். ஒரே மைக்கை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, பீட்டர் படும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி வைத்தால் 'டிக்' தூக்கலாக வரும். ஒரு சாண் பின்னால் இழுத்தால் அடி உருண்டு வரும். ஓட்டைக்கு நேர் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் காற்று சீறிக்கொண்டு வந்து மைக்கில் மோதி, 'ப'கரம் உச்சரித்த மாதிரி இருக்கும். ஒருவர் ஒரே தாளத்தை வாசிக்க, இன்னொருவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். அரைமணி நேர வேலை. அதில் கிடைக்கிற வித்தியாசத்தைப் பார்த்தால் மைக்குக்கு மைக் உள்ள வித்தியாசம் சின்னது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிக் மைக் என்பது, என்னைக் கேட்டால், முன்கூட்டியே ஈக்யூ போட்டு, அதாவது சத்தத்தின் சில பகுதிகளைக் கூட்டிக் குறைத்துத் தருகிற மைக். ஷூர் பீட்டா 52ஏ 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிக் கொடுக்கும். ஆடிக்ஸ் டி6 நடுப்பகுதியை நன்றாகக் குடைந்துவிட்டு அடியையும் நுனியையும் காட்டும். மாட்டியவுடன் ரெக்கார்டில் கேட்ட மாதிரி இருக்கும், ஆனால் எந்த கிக்கும் அதே கிக் ஆகிவிடும். எஸ்எம்57 அப்படிச் செய்யாது. அதன் எல்லை 40 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்று தாளில் இருந்தாலும் அடியில் மெலிந்துதான் இருக்கும். நெருக்கி வைத்தால் கொஞ்சம் தடிக்கும், மிச்சத்தை ஈக்யூவில் ஏற்றிக்கொள்ளலாம். 300-400 ஹெர்ட்ஸைக் குறைத்தால் உங்கள் அட்டைப்பெட்டியும் பாதி போய்விடும். கிடாரில் மாட்டலாம், ஸ்நேர் டிரம்மில் மாட்டலாம், நாளைக்கு விற்றாலும் விலை போகும். இரண்டு சானல்காரருக்கு என் ஓட்டு 57க்கு.

#3 | கோயம்புத்தூர்

பைசா செலவில்லாத ஒன்று. பீட்டர் படுகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டுங்கள். கம்பளி பீட்டரை மரத்துக்கு மாற்றுங்கள். 'டிக்' வந்துவிடும். நாணயத்துக்கு அடியில் தோலுக்கு ஒரு ஒட்டுத்துண்டு போடாமல் விட்டு, இரண்டே மாதத்தில் நான் தோலையே மாற்ற வேண்டி வந்தது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#4 | மதுரை

சவுண்டு சர்வீஸ்காரன். மெல்லிசைக் கச்சேரி, திருவிழா மேடை என்று இருபது வருடம். 57 வாங்கச் சொன்ன அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். போலி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் பாதி விலைக்கு நான்கு 57 கிடைக்கிறது என்று அள்ளிக்கொண்டு வந்தேன். பெட்டி, பை, கிளிப், ஸ்டிக்கர், எல்லாம் அச்சு அசல். மேடையில் போட்டால் கீச்சென்று ஒரு சத்தம். சந்தேகம் வந்து, எதிர்த்த மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். அசல் 284 கிராம். இது இருநூறைச் சொச்சம்தான் காட்டியது. அசலுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, கனம் அதில்தான். போலி செய்கிறவன் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறான். மளிகைக்காரர், "என்ன அண்ணே, எடை குறைஞ்சா நம்ம மேலதான் கேஸ் போடுவாங்க, உங்க ஆளுங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றார். பணம் திரும்பவில்லை. அதனால் தம்பி, ஏழாயிரத்துக்குள் பேர் பெற்ற மைக் 'புதுசு' என்று யாராவது நீட்டினால் பைக்குள் ஒரு சின்னத் தராசோடு போங்கள். பேரில்லாத, ஆனால் பொய் சொல்லாத கிக் மைக் அதைவிட மேல்.

57க்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து ஈக்யூ திருப்ப நேரம் இருப்பவருக்கு அது சரி. கிக்குக்கென்று செய்த மலிவு மைக்கே தம்பிக்குப் போதும்.

ஸ்டாண்டுக்கும் காசு எடுத்து வையுங்கள். பீட்டா 52ஏ அரைக்கிலோவுக்கு மேல். ஒரு கச்சேரியில் பழைய குட்டை ஸ்டாண்டில் அதை மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டுக்குள் கழுத்து மெல்ல மெல்லத் தொங்கி, மைக் டிரம்மின் மரத்தில் சாய்ந்து படுத்துவிட்டது. வெளியே கேட்டது கிக் இல்லை, கதவைத் தட்டுகிற சத்தம். பாடகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஸ்டாண்டின் காலில் செங்கல் வையுங்கள்.

அப்புறம், உள்ளே தலையணைமேல் படுக்கப் போடுகிற தட்டை மைக் ஒன்று உண்டு, ஷூர் 91ஏ மாதிரி. அது கண்டென்சர் வகை, கேபிள் வழியாகவே மின்சாரம் (பேண்டம் பவர்) கொடுக்காவிட்டால் ஊமை. மலிவு என்று ஒரு தட்டை மைக் வாங்கி, மிக்சரில் 48 வோல்ட்டை அழுத்த மறந்து, செத்த மைக் என்று திருப்பிக் கொடுக்கப்போனவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். நான்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

#5 | டொரொன்டோ (ஊர் யாழ்ப்பாணம்)

தம்பி, உங்களிட்ட பழைய ஸ்பீக்கர் ஏதும் கிடக்கா? பகிடி இல்லை. ஸ்பீக்கரும் 57 மாதிரி டைனமிக் மைக்கும் ஒரே சாமான்தான், சுருள், காந்தம், கூம்பு. மின்சாரம் போனால் சத்தம், சத்தம் போனால் மின்சாரம். பெரிய ஸ்டூடியோக்களில் யமஹா என்எஸ்10 ஸ்பீக்கரின் வெள்ளைக் கூம்பைக் கழற்றிக் கிக்குக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். பிறகு யமஹாவே 'சப்கிக்' என்று, பத்தங்குல டிரம் ஒன்றுக்குள் ஆறரை அங்குல ஸ்பீக்கரை வைத்து விற்றது.

நான் பேஸ்மென்டில் கிடந்த பழைய ஆறரை அங்குல வூஃபரை எடுத்து, மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் 2ஆம், 3ஆம் ஊசிகளில் இரண்டு வயரையும் ஈயம் வைத்து, ஸ்டாண்டில் கயிற்றால் கட்டித் தோலுக்கு மூன்று விரல் தள்ளி நிறுத்தினேன். முதல் மிதியிலேயே இன்டர்ஃபேஸின் சிவப்பு லைட் எரிஞ்சு போச்சு. கெய்னை முழுக்கக் குறைச்ச பிறகும் கூடத்தான், இடையில அளவைக் குறைக்கிற பேட் ஒண்டு போட வேண்டி வந்தது. பேண்டம் பவரை நிப்பாட்டிப்போட்டுத்தான் செருக வேணும். அடி எண்டால் அப்படி ஒரு அடி, மேல் வீட்டில மனுசி கோப்பை ஆடுது எண்டு சத்தம் போட்டா. ஆனால் 'டிக்' துளியும் வராது. இது இரண்டாவது மைக்குக்குத் துணை, தனியாக ஓடாது. உங்களுக்கு இரண்டு சானல்தான் எண்டபடியால் யோசியுங்கோ.

#6 | வளசரவாக்கம்

மதுரை அண்ணன் சொன்ன போலி விஷயம் முழுக்கச் சரி, என் புத்தியில் படவில்லை. 57க்குப் போட்ட என் வாக்கை நான் திரும்பப் பெறவில்லை, அது வேறு!

இரண்டு சானல் என்றால் கிக்குக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே வைக்கிற ஓவர்ஹெட் மைக்குக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடி காணாமல் போனால் பயப்படாதீர்கள். பெடலை மிதித்ததும் தோல் உள்பக்கம் போகிறது. உள்ளே உள்ள மைக்குக்கு அது காற்றைத் தள்ளுவது, மேலே உள்ள மைக்குக்கு இழுப்பது. இரண்டும் கழித்துக்கொள்ளும். சாஃப்ட்வேரில் கிக் சானலின் ஃபேஸைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எது தடிப்பாக இருக்கிறதோ அதுதான் சரி.

உள்ளே கம்பளி ஒன்றை மடித்து, பின்தோலில் லேசாகப் படும்படி வையுங்கள். 1966இல் அபே ரோடு ஸ்டூடியோவில் சவுண்டு என்ஜினியர் ஜெஃப் எமெரிக், பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவின் கிக்குக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை நெருக்கி வைத்தார். அவ்வளவு பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அந்த ஸ்டூடியோவில் விதியே இருந்ததாம். நமக்கு விதி போட ஆள் இல்லை.

#7 | பாளையங்கோட்டை

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய டேக்கை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டேன். கொஞ்சம் அடி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அட்டைப்பெட்டிதான். டின்னைக் காய்ச்சி ஓட்டை போட்டோம். முதல் தடவை சூடு போதாமல் பாதியில் ஒட்டிக்கொண்டது. ஓட்டை இப்போது வட்டமாக இல்லை, கோழிமுட்டை மாதிரி இருக்கிறது. வேலை செய்கிறது.

மைக், தூத்துக்குடியில் குழுவைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு கிக் மைக், 3,200 ரூபாய். மிச்சத்தில் குட்டை ஸ்டாண்டு. செங்கல் சர்ச் கட்டட வேலையில் கிடந்தது. சனிக்கிழமை ராத்திரி, தம்பி ஒருவனை மிதிக்க வைத்துவிட்டு நான் தரையில் படுத்து மைக்கை நகர்த்தினேன். உள்ளங்கை அகலம் உள்ளே போன இடத்தில் சட்டென்று கிடைத்துவிட்டது. ஃபேஸ் பொத்தானை அழுத்தினேன், கீபோர்டு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நாணயம் ஒட்டவில்லை. மர பீட்டரே போதும் போலிருக்கிறது.

நான்கு பாட்டு முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கிறது. உள்ளே வைத்திருக்கிறது அம்மாவின் கம்பளி. மார்கழி பிறந்துவிட்டது, ராத்திரி குளிருகிறது என்று தினமும் கேட்கிறார்கள்.