ஆங்கில வாக்கிய அமைப்பு ஐந்தா, ஏழா?

கரும்பலகை:
பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஐந்து அமைப்பு போதும் என்பது என் கட்சி. வினையோடு முடிவது, 'பேர்ட்ஸ் ஃப்ளை'. செயப்படுபொருள் கேட்பது, 'ஷீ ரைட்ஸ் லெட்டர்ஸ்'. எழுவாய் யார் என்று நிரப்பிச் சொல்லும் சொல், அதாவது நிரப்பி, வருவது, 'ஹீ பிகேம் எ டாக்டர்'. இரண்டு செயப்படுபொருள், 'ஐ கேவ் ஹர் எ பென்'. செயப்படுபொருளும் அதற்கொரு நிரப்பியும், 'தே மேட் ஹிம் கேப்டன்'. ஆங்கில இலக்கண அறிஞர் ஆனியன்ஸ் 1904-இல் வகுத்ததும் இந்த ஐந்துதான். இதை ஏழாக்கி ஏன் குழப்புகிறார்கள்?

அரைப்புள்ளி:
'ஷீ புட் த புக்' என்று எழுதி நிறுத்துங்கள் பார்ப்போம். எங்கே வைத்தாள்? 'ஆன் த டேபிள்' வந்தால்தான் வாக்கியம் நிற்கும். அது செயப்படுபொருளும் இல்லை, நிரப்பியும் இல்லை. அது வினையடை. அது கட்டாயமாக வரும் இரண்டு அமைப்பையும் சேர்த்து, இலக்கண அறிஞர் குவர்க் குழுவினர் 1972-இல் ஏழு என்று வகுத்தது இதற்காகத்தான்.

கரும்பலகை:
வினையடையை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அதனால் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் வகுப்பில் சொல்கிறேன். 'புட்' ஒரு விதிவிலக்கு. ஒரே ஒரு வினைக்காக ஓர் அமைப்பா?

அரைப்புள்ளி:
ஒரே வினையா சார்? 'த மீட்டிங் லாஸ்டட் டூ அவர்ஸ்', 'த கீ இஸ் இன் த டோர்'. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினையே 'பி' ('இஸ்', 'வாஸ்' எல்லாம் அதன் வடிவங்கள்) தான். அதையும் விதிவிலக்கில் தள்ளினால் விதியில் என்ன மிஞ்சும்?

இடைச்செருகல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'எக்ஸ்ப்ளெயின் மீ த ப்ராப்ளம்' என்று தப்பாக எழுதுபவரை உங்கள் ஐந்தும் தடுக்காது, ஏழும் தடுக்காது. 'கிவ்' அப்படி வருகிறதே, இதுவும் வரும் என்று நினைக்கிறார். சிக்கல் வினையில் இருக்கிறது. அகராதி ஆசிரியர் ஹார்ன்பி 1954-இல் வினைக்கே 25 அமைப்பு கொடுத்தார்.

கரும்பலகை:
இருபத்தைந்தா! மாணவர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். ஐந்தின் பலனை நீங்கள் இருவருமே பார்க்கவில்லை. 'ஐ ஃபவுண்ட் ஹிம் எ டாக்ஸி', 'ஐ ஃபவுண்ட் ஹிம் எ போர்' (போர் என்றால் சலிப்பூட்டும் ஆள்) இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நடுவில் 'இஸ்' போட்டுச் சோதிக்கச் சொல்வேன். 'ஹீ இஸ் எ போர்' பொருந்தும், ஆகவே நிரப்பி. 'ஹீ இஸ் எ டாக்ஸி' சிரிப்புத்தான் வரும், ஆகவே இரண்டு செயப்படுபொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரைப்புள்ளி:
நல்ல சோதனைதான், ஏழிலும் அது அப்படியே இருக்கிறது. இடைச்செருகல், நீங்கள் வினைக்கு நிரந்தர முத்திரை குத்தப் பார்க்கிறீர்கள். 'த ட்ரீ க்ரூ' என்றால் செயப்படுபொருள் இல்லை. 'தே க்ரூ ரைஸ்' என்றால் உண்டு. 'ஷீ க்ரூ டயர்ட்' என்றால் அதே 'க்ரூ' கிட்டத்தட்ட 'பிகேம்' ஆகிவிடுகிறது. வாக்கியத்துக்குள் வராமல் எந்த வகை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இடைச்செருகல்:
முத்திரை குத்தவில்லை. ஒரு வினை எந்தெந்த அமைப்பில் வரும் என்று வினையோடு சேர்த்தே படிக்கச் சொல்கிறேன். 'க்ரோ' மூன்றில் வரும், சரி. 'எக்ஸ்ப்ளெயின்' இரண்டு செயப்படுபொருளை அடுத்தடுத்து ஏற்காது, 'எக்ஸ்ப்ளெயின் த ப்ராப்ளம் டு மீ' என்றுதான் வரும். 'சஜெஸ்ட்'டும் அப்படியே. இதை எந்தப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, கரும்பலகை சார்?